மாட்டுங்கா: ஸ்லோ வண்டி மட்டும் நிற்கும் ஸ்டேஷன்

மும்பை லோக்கல் ரயில்களில் ஃபாஸ்ட், ஸ்லோ என்று இரண்டு வகை உண்டு. ஃபாஸ்ட் வண்டி பெரிய ஸ்டேஷன்களில் மட்டும் நிற்கும். ஸ்லோ வண்டி எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று போகும். சென்ட்ரல் லைனில் சிஎஸ்எம்டியில் (பழைய விடி) இருந்து சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது மாட்டுங்கா. இங்கே ஃபாஸ்ட் வண்டி நிற்காது. இதற்கு முந்தின ஸ்டேஷன் தாதர். அங்கே எல்லா லோக்கலும் நிற்கும், சென்னையில் இருந்து வரும் எக்ஸ்பிரஸும் நிற்கும். ஆக, ரயில்வே கணக்கில் மாட்டுங்கா ஒரு சின்ன ஸ்டேஷன். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்திலும் பாலக்காட்டிலும் "பையன் பம்பாயில் வேலையாக இருக்கிறான்" என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொன்ன குடும்பங்களைக் கேட்டால், அவர்களுக்குத் தெரிந்த பம்பாய் விலாசம் பெரும்பாலும் இந்த ஸ்டேஷனைச் சுற்றித்தான் இருக்கும்.

பம்பாயில் எத்தனையோ இடம் இருக்க, ஏன் இங்கே வந்து குவிந்தார்கள்? "தமிழன் தமிழன் இருக்கும் இடத்தைத் தேடிப் போவான்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் முதல் தமிழன் ஏன் இங்கே வந்தான் என்பதற்கு அது பதில் இல்லை. அதற்கான பதில் ஒரு கொள்ளைநோயில் ஆரம்பிக்கிறது.

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரிபந்தரில் இருந்து தானாவுக்குப் போனது பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்த சமாச்சாரம். அந்த வண்டி போன பாதைதான் இன்றைய சென்ட்ரல் லைன். அப்போது மாட்டுங்கா பக்கம் வயலும் தோப்பும் சதுப்புமாக இருந்தது. மாதங்கம் என்றால் யானை. மாஹிமை ஆண்ட ராஜா தன் யானைகளை இங்கே கட்டி வைத்திருந்ததால் மாட்டுங்கா என்று பெயர் வந்ததாக ஒரு கதையும் உண்டு. கதை உண்மையோ பொய்யோ, ரயில் வந்து நாற்பது வருடம் கழித்தும் இது நகரத்துக்கு வெளியே கிடந்த இடம்தான். ரயில் வந்துவிட்டால் உடனே ஊர் வந்துவிடும் என்று நினைப்பது தவறு. தண்டவாளம் இருந்தும் அரை நூற்றாண்டு சும்மா கிடந்த இடம் இது.

1896ல் மாண்ட்வி பகுதியில் பிளேக் வந்தது. துறைமுகத்தை ஒட்டிய நெரிசலான சால்களில் (ஒரு தாழ்வாரத்தில் வரிசையாக ஒற்றை அறைகள், பொதுக் கக்கூஸ், பொதுக் குழாய் என்று இருக்கும் கட்டிடங்கள்) ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். லட்சக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினார்கள். மில்லும் துறைமுகமும் நின்றுபோனால் என்ன ஆகும் என்று அரசாங்கம் பயந்தது. 1898ல் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். நெரிசலை இடித்துச் சாலை போடுவது ஒரு வேலை, வடக்கே காலி நிலத்தில் புதுக் குடியிருப்புகள் உண்டாக்குவது இன்னொரு வேலை. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் எல்லாம் அந்தத் திட்டத்தில் வந்தவை. தாதரில் இந்து காலனி, பார்சி காலனி; மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் என்ற பெரிய வட்டமும் அதில் இருந்து பிரியும் அகலமான சாலைகளும். நேரான தெரு, இருபுறமும் மரம், நடுவில் பூங்கா. இன்றைக்கும் மாட்டுங்காவில் நடப்பவர்கள் "இது மும்பையா?" என்று கேட்கக் காரணம் அந்தப் பிளேக்தான்.

ஆனால் வீடு கட்டியவுடன் ஆள் வரவில்லை. நிலத்தைச் சமப்படுத்தி, மனை பிரித்து, கட்டிடம் எழும்புவதற்கே 1920கள் ஆகிவிட்டது. கோட்டைப் பகுதியில் வேலை பார்க்கும் வசதியான குஜராத்தி, மராத்தி குடும்பங்கள் இவ்வளவு தூரம் வர யோசித்தன. தவிர இங்கே கட்டியது சால் இல்லை, ஃபிளாட். வீட்டுக்குள்ளேயே சமையலறை, குளியலறை, கக்கூஸ். இன்று சாதாரணமாகத் தோன்றும் இந்த விஷயம் அன்று பெரிய சர்ச்சை. கக்கூஸை வீட்டுக்குள் வைத்தால் தீட்டு என்று நினைத்த காலம். 2013ல் நிகில் ராவ் என்ற வரலாற்றாசிரியர் பம்பாயின் புறநகர்கள் பற்றி எழுதிய புத்தகத்தில் மாட்டுங்கா ஃபிளாட்டுகளையும் அங்கே வந்த தென்னிந்தியர்களையும் சேர்த்தே ஆராய்ந்திருக்கிறார். ஒரு சமூகத்தின் வரலாற்றை அது குடியிருந்த வீட்டின் அமைப்பில் இருந்து பார்ப்பது நல்ல யோசனை.

அந்தச் சமயத்தில்தான் தெற்கே இருந்து ஒரு கூட்டம் வரத் தொடங்கியது. கும்பகோணம், திருநெல்வேலி, பாலக்காடு என்று பல ஊர்களில் இருந்து, மெட்ரிகுலேஷன் முடித்து, டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் பண்ணிய இளைஞர்கள். பெரும்பாலும் பிராமணர்கள். மதராஸில் 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் வந்த வகுப்புவாரி அரசாணைகளால் சர்க்கார் வேலையில் அவர்களுக்கு இருந்த ஏகபோகம் குறைந்தது. இதை வைத்து "விரட்டப்பட்டார்கள்" என்று ஒரு சாரார் எழுதுவது உண்டு. அது மிகை. மதராஸில் இல்லாத அளவுக்குப் பம்பாயில் கம்பெனிகள் இருந்தன, ஆங்கிலத்தில் தப்பில்லாமல் கடிதம் அடிக்க ஆள் வேண்டியிருந்தது. பாதையும் பழசு. 1871லேயே ஜிஐபி ரயில்வேயும் மதராஸ் ரயில்வேயும் ராய்ச்சூரில் இணைந்து பம்பாய்க்கும் மதராஸுக்கும் நேர் வழி உண்டாகிவிட்டது. கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், ஒரு சிபாரிசுக் கடிதம். வண்டி ஏறிவிட வேண்டியதுதான்.

இப்படி வந்தவர்களுக்கு வேண்டியவை மூன்று. வாடகைக்கு வீடு, அந்த வீட்டில் மடி ஆசாரம் காக்கத் தனிக் குழாய், ஆபீஸுக்கு நேராகப் போகும் ரயில். சொந்தமாக நிலம் வாங்கப் பணம் இல்லை, ஆனால் மாதச் சம்பளம் உறுதி. மாட்டுங்காவில் கட்டி முடித்து ஆள் இல்லாமல் இருந்த வீட்டுக்காரர்களுக்கு இதைவிட நல்ல வாடகைதாரர் கிடைக்க மாட்டார். ஆக, தமிழர்கள் மாட்டுங்காவைத் தேர்ந்தெடுத்ததைப் போலவே மாட்டுங்காவும் அவர்களைத் தேர்ந்தெடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ரயிலும் அதே நேரத்தில் மாறியது. 1925 பிப்ரவரி 3 அன்று விடியில் இருந்து ஹார்பர் லைன் வழியாகக் குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. 1500 வோல்ட் டிசி மின்சாரம். அடுத்த சில வருடங்களில் மாட்டுங்கா வழியாகப் போகும் மெயின் லைனும் மின்மயமானது. நீராவி எஞ்சினுக்கு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று மறுபடி வேகம் பிடிப்பது கஷ்டம். மின்சார வண்டி சட்டென்று வேகம் எடுக்கும், கடைசி ஸ்டேஷனில் எஞ்சினை அவிழ்த்துத் திருப்பி மாட்ட வேண்டியதும் இல்லை. ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன் என்று இருக்கும் ஸ்லோ லைனுக்கு இது உயிர் மாதிரி. மாதா மாதம் ஒரு சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் கவலை இல்லை. தாதர், பரேல், கரி ரோடு, சிஞ்ச்போக்லி, பைகுல்லா, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, மஸ்ஜித், விடி. கண்ணை மூடிக்கொண்டு இந்த வரிசையை ஒப்பிக்கத் தெரியாத மாட்டுங்கா குமாஸ்தா இருந்திருக்க முடியாது. வழியில் ஏறி இறங்கியவர்கள் மில் தொழிலாளர்கள். பரேலிலும் சிஞ்ச்போக்லியிலும் மில் சங்கு ஊதும்போது, மாட்டுங்காவில் ஏறியவர்கள் இஸ்திரி போட்ட சட்டையோடு அதே பெட்டியில் நின்றுகொண்டிருப்பார்கள்.

கல்யாணம் ஆகாதவர்கள் நான்கைந்து பேராக ஒரு அறை எடுத்துத் தங்கினார்கள். அவர்களுக்காக உருவானவைதான் மாட்டுங்காவின் மெஸ்களும் ஹோட்டல்களும். இங்கே ஒரு வேடிக்கை. "மாட்டுங்கா மதராசி சாப்பாடு" என்று பெயர் வாங்கிய ஹோட்டல்களில் பல, தமிழர்கள் நடத்தியவை அல்ல. உடுப்பி, மங்களூர்ப் பக்கத்துக்காரர்கள் நடத்தியவை. 1940ல் ஆரம்பித்த கஃபே மெட்ராஸ் உட்பட. ஸ்டேஷனுக்கு எதிரே 1942ல் ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ண போர்டிங் இன்றும் வாழை இலை போட்டுச் சாப்பாடு போடுகிறது. தமிழ், மலையாளம், கன்னடம், துளு, கொங்கணி என்று ஊரில் தனித்தனியாக இருந்தவர்கள் எல்லோரும் பம்பாய்க்காரன் கண்ணுக்கு ஒரே "மதராசி". முதலில் கேலியாக வந்த பெயர், மாட்டுங்காவில் ஒரு பிழைக்கும் வழியாகவும் ஆனது. ஒரே பஜனை மடம், ஒரே காபித்தூள் கடை, ஒரே பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடம் என்றால் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி. எம்.வி. வெங்கடேஸ்வரன் 1932ல் மாட்டுங்காவில் தொடங்கியது. 1960ல் பக்கத்து ஸ்டேஷனான சயானில் கல்லூரியும் வந்தது. சங்கீதத்துக்கு சண்முகானந்த சபா. 1952ல் ஆரம்பித்து, 1963ல் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் சுமார் 3000 பேர் உட்காரும் அரங்கம் கட்டினார்கள். 1990ல் அது தீப்பிடித்து எரிந்து, 1998ல் மறுபடி திறந்தது. இன்று சென்னை மயிலாப்பூரில் பூஜை சாமான் வாங்கப் போகிறவர்களுக்குத் தெரிந்த கிரி டிரேடிங் கடைகூட முதலில் பிறந்தது மாட்டுங்காவில்தான்! மயிலாப்பூர் மாட்டுங்காவுக்குப் போனது தெரியும், மாட்டுங்கா மயிலாப்பூருக்கு வந்தது பலருக்குத் தெரியாது.

மாணவர்கள் கூட்டமும் இந்த ஸ்டேஷனுக்குப் பழசு. வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரி 1923ல் மாட்டுங்காவுக்கு மாறியது. ருயா கல்லூரியும் கால்சா கல்லூரியும் 1937, பொதார் காமர்ஸ் கல்லூரி 1941. காலையில் ஆபீஸ் கூட்டம் விடி பக்கம் ஏறும்போது, எதிர்த் திசையில் இருந்து மாணவர் கூட்டம் இறங்கும். ஒரே பிளாட்பாரப் படிக்கட்டில் இரண்டும் மோதும்.

இதுவரை சொன்னது ஸ்டேஷனுக்குக் கிழக்கே. மாட்டுங்கா பற்றி எழுதுகிற பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஃபில்டர் காபி, மல்லிகைப்பூ, பஜனை, அவ்வளவுதான். மேற்கே என்ன இருக்கிறது?

மேற்கே ஒட்டினாற்போல் இருப்பது ரயில்வே ஒர்க்‌ஷாப். 1915ல் ஜிஐபி ரயில்வே பெட்டிகளையும் வேகன்களையும் பழுது பார்க்கக் கட்டியது. அதையும் தாண்டினால் வெஸ்டர்ன் லைனின் மாட்டுங்கா ரோடு ஸ்டேஷன். இரண்டு ஸ்டேஷனையும் இணைக்கும் நடைபாலத்தை அதன் வளைவை வைத்து இசட் பிரிட்ஜ் என்று கூப்பிடுவார்கள். ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவன் காலை ஷிஃப்டுக்கு மாட்டுங்காவில் இறங்குவான், குமாஸ்தா அப்போதுதான் தூங்கி எழுந்திருப்பான். 1974 மே மாதம் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் தலைமையில் நடந்த அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தம் நாட்டையே நிறுத்தியபோது, அது நடந்தது இப்படிப்பட்ட ஒர்க்‌ஷாப்களின் பலத்தில்தான்.

வடமேற்கே மாட்டுங்கா லேபர் கேம்ப், தாராவி. அங்கேயும் தமிழர்கள்தான். திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து தோல் பதனிட வந்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், குப்பை அள்ளியவர்கள். பெரும்பாலும் தலித்துகள், முஸ்லிம்கள், நாடார்கள். அவர்களுக்கு டைரக்டரும் கிடையாது, சிபாரிசுக் கடிதமும் கிடையாது. கிங்ஸ் சர்க்கிள் ஃபிளாட்டில் இருந்து தாராவி 90 அடி சாலைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் அந்தத் தூரத்தை நடந்தவர்கள் குறைவு. ஊரில் அக்ரஹாரத்துக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த இடைவெளியை, 1200 கிலோமீட்டர் தாண்டி வந்தும் அப்படியே கட்டிவைத்துக்கொண்டார்கள். இங்கே அதற்கு நடுவே ஒரு ரயில் லைன் இருந்தது என்பதுதான் வித்தியாசம். "மாட்டுங்கா தமிழர்" என்று பேசும்போது இந்த இரண்டாவது தமிழரைச் சேர்க்காமல் பேசுவது பாதி வரலாறு.

இரண்டு உலகத்துக்கும் பாலமாக இருந்த ஒரே ஆள், விநோதமாக, ஒரு தாதா. விடி ஸ்டேஷனில் போர்ட்டராக வாழ்க்கையை ஆரம்பித்த வரதராஜ முதலியார், மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயத்தில் பெரிய ஆளானார். 1970களிலும் 80களிலும் பிள்ளையார் சதுர்த்திக்கு மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் அவர் போட்ட பந்தல் பிரசித்தம். லோக்கலில் இருந்து இறங்கியவர்கள் பந்தலைப் பார்க்காமல் போக முடியாது. அதுதான் அவருக்கும் வேண்டியது. போலீஸ் நெருக்கடி அதிகமாகி அவர் சென்னைக்குப் போய் 1988ல் இறந்தார். அதற்கு முந்தின வருடம் வந்த "நாயகன்" படம் அவர் கதையைத் தழுவியது என்பது ஊரறிந்தது. படத்தைப் பார்த்துவிட்டு அவரைத் தெய்வமாக்குவது வேறு, அவர் ஏழைத் தமிழர்களுக்கு நியாயம் சொல்லும் இடத்துக்கு எப்படி வந்தார் என்று யோசிப்பது வேறு. போலீஸும் கோர்ட்டும் தங்கள் பாஷையில் பேசாத ஒரு ஊரில்தான் இப்படிப்பட்டவர்கள் முளைக்கிறார்கள்.

பாஷை விஷயம் அதற்கு முன்பே வெடித்துவிட்டது. 1960 மே 1 அன்று மகாராஷ்டிரா தனி மாநிலமானது, பம்பாய் அதன் தலைநகரம். பெரிய போராட்டம் நடத்தி, உயிர்ப்பலி கொடுத்து வாங்கிய நகரத்தில் ஆபீஸ் வேலையெல்லாம் வேறு யாரோ பார்க்கிறார்கள் என்ற கோபம் மராத்தி இளைஞர்களுக்கு இருந்தது. அதே 1960ல் பால் தாக்கரே தொடங்கிய "மார்மிக்" என்ற கார்ட்டூன் வாரப்பத்திரிகை, கம்பெனிகளில் உயர்ந்த இடத்தில் இருக்கும் தென்னிந்தியப் பெயர்களைத் தேடி எடுத்துப் பட்டியல் பட்டியலாகப் போட்டது. படித்துவிட்டுச் சும்மா இருங்கள் என்ற பொருளில் குத்தலாக ஒரு தலைப்பு வேறு. 1966 ஜூன் 19 அன்று சிவசேனா பிறந்தது. "பஜாவ் புங்கி, ஹட்டாவ் லுங்கி" என்று கோஷம். உடுப்பி ஹோட்டல்கள் தாக்கப்பட்டன.

அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தன் ஊரில் தனக்கு வேலை இல்லை என்பது உண்மையான வலி. ஆனால் அடி வாங்கியது யார்? பட்டியலில் பேர் வந்த மேனேஜர் இல்லை. அவர் கம்பெனி காரில் போனார். அடி விழுந்தது ஹோட்டல் கல்லாவில் உட்கார்ந்தவனுக்கும், லோக்கலில் வேட்டி கட்டிக்கொண்டு போனவனுக்கும். ரயில் பெட்டி ஒரு பொது இடம். அங்கே என்ன உடுத்துகிறாய், எந்த பாஷையில் பேசுகிறாய் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பேன்ட் போட்டுக்கொள்வதும் குரலைத் தாழ்த்திப் பேசுவதும் ஹிந்தியோ மராத்தியோ கற்றுக்கொள்வதும் வெறும் நாகரிக மோகம் மட்டும் இல்லை. அடுத்த தலைமுறை மராத்தியில் சரளமாகப் பேசியது, சண்டையும் தணிந்தது.

ஆக, தமிழர்கள் மாட்டுங்காவை விட்டுப் போனதற்குச் சிவசேனாதான் காரணம் என்று நினைத்தால் அது சரியாக வராது. காரணம் இன்னும் சாதாரணமானது, வாடகை. 1947ல் வந்த பம்பாய் வாடகைச் சட்டம் பழைய வாடகையை உறைய வைத்துவிட்டது. குடியிருப்பவரைக் காலி செய்யவும் முடியாது, வாடகையை ஏற்றவும் முடியாது. அப்பா காலத்தில் மாட்டுங்காவில் நுழைந்தவருக்குச் சொர்க்கம். ஆனால் அந்த இரண்டு அறை வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் கல்யாணமானால்? பக்கத்தில் புதிதாக வாடகைக்கு விட யாரும் தயாராக இல்லை. பகடி என்று சொல்லும் கைமாற்றுப் பணம் கொடுத்தால்தான் வீடு. சொந்தமாக வாங்கலாம் என்றால் மாட்டுங்கா விலை எட்டாது. கூட்டுறவு ஹவுசிங் சொசைட்டியில் கடன் போட்டு ஃபிளாட் வாங்க முடிந்த இடங்கள் செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி, பிற்பாடு நவி மும்பையில் வாஷி, நெருல். தாத்தாவைக் கொண்டுவந்து மாட்டுங்காவில் இறக்கிய அதே தண்டவாளம், பேரனை இன்னும் வடக்கே கொண்டுபோய் இறக்கியது.

விடியில் இருந்து மாட்டுங்கா 10 கிலோமீட்டர், முலுண்ட் சுமார் 31, டோம்பிவிலி சுமார் 48. ஆபீஸ் மட்டும் நகரவில்லை. தாத்தா உட்கார்ந்துகொண்டு பேப்பர் படித்துக்கொண்டு போன தூரத்தை, பேரன் ஃபாஸ்ட் வண்டியின் வாசலில் தொங்கிக்கொண்டு ஐந்து மடங்கு போகிறான். மும்பை புறநகர் ரயில் பாதையில் சாதாரண வருடங்களில் 2000க்கும் மேற்பட்டவர்கள் சாகிறார்கள். தண்டவாளம் தாண்டும்போதும், வண்டியில் இருந்து விழுந்தும். 2025 ஜூன் 9 காலையில் மும்ப்ரா பக்கத்தில் எதிரெதிரே போன இரண்டு நெரிசல் வண்டிகளின் வாசலில் தொங்கியவர்கள் விழுந்து இறந்ததும் இந்த நீண்ட தூரத்தின் கணக்கில்தான் வரும். வாடகைச் சட்டத்தையும் படிக்கட்டுச் சாவையும் ஒன்றாக வைத்து யாரும் பேசுவதில்லை. பேசவேண்டிய விஷயம்.

பெண்கள் கதையைத் தனியாகச் சொல்லவேண்டும். முதலில் வந்தவர்கள் ஆண்கள். அடுத்த தலைமுறையில் மாட்டுங்காப் பெண்கள் எஸ்ஐஇஎஸ்ஸில் படித்து, டைப் அடித்து, பேங்கிலும் எல்ஐசியிலும் டெலிபோன் எக்சேஞ்சிலும் வேலைக்குப் போனார்கள். ஊரில் தனியாக டவுன்பஸ்ஸில் போகத் தயங்கிய குடும்பங்கள் இங்கே பெண்ணை லோக்கலில் அனுப்பியதற்கு லேடீஸ் கம்பார்ட்மெண்ட் ஒரு முக்கியமான காரணம். அந்தப் பெட்டியில் காய் நறுக்கினார்கள், ஸ்வெட்டர் பின்னினார்கள், லலிதா சகஸ்ரநாமம் சொன்னார்கள், வரன் பார்த்தார்கள். 1992ல் வெஸ்டர்ன் லைனில் முழு வண்டியே பெண்களுக்கான லேடீஸ் ஸ்பெஷலாக ஓடியது.

இந்த வரிசையில் மாட்டுங்காவுக்கும் ஒரு பெருமை கிடைத்தது. 2017 ஜூலையில் சென்ட்ரல் ரயில்வே இந்த ஸ்டேஷனை முழுக்கப் பெண்களிடம் ஒப்படைத்தது. ஸ்டேஷன் மேனேஜர், டிக்கெட் கவுண்டர், டிக்கெட் பரிசோதகர், ரயில்வே பாதுகாப்புப் படை, துப்புரவு, எல்லாமே பெண்கள். நாட்டிலேயே இப்படி முதல் ஸ்டேஷன் என்று 2018 லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. தாதர் மாதிரி ஒரு ஸ்டேஷனில் இதைச் செய்து பார்க்காமல் மாட்டுங்காவைத் தேர்ந்தெடுத்ததில் ரயில்வேயின் எச்சரிக்கை தெரிகிறது. ஆனாலும் இரவு ஷிஃப்ட் உட்பட எல்லாவற்றையும் அவர்கள் நடத்திக் காட்டினார்கள். அடுத்த வருடமே ஒரு சோதனையும் வந்தது. 2018 மார்ச் 20 காலை, நெரிசல் நேரத்தில், பயிற்சி முடித்தும் ரயில்வேயில் நிரந்தர வேலை கிடைக்காத அப்ரெண்டிஸ்கள் நூற்றுக்கணக்கில் மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் நடுவே தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். சுமார் மூன்றரை மணி நேரம் சென்ட்ரல் லைன் நின்றது. வேலை கேட்டு ரயிலேறி வந்தவர்களால் உருவான ஊரில், வேலை கேட்டு ரயிலை மறித்தார்கள்.

மற்றபடி இந்த லைன் நின்ற நாட்கள் கொஞ்சம்தான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. சயான், குர்லா பக்கம் தண்டவாளமே தெரியவில்லை. ஜனங்கள் ராத்திரி முழுக்க வண்டியிலும் பிளாட்பாரத்திலும் இருந்தார்கள், தண்டவாளத்தின் மேலேயே நடந்து வீடு போனவர்கள் ஏராளம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லா லோக்கலும் நின்றபோது, மாட்டுங்கா பிளாட்பாரம் முதல்முறையாக மாதக்கணக்கில் காலியாக இருந்தது. ஜூனில் அத்தியாவசிய ஊழியர்களுக்கு மட்டும் வண்டி ஓடியது. இரண்டு தடுப்பூசி போட்ட பொதுஜனங்களை 2021 ஆகஸ்ட் 15 முதல் ஏற்றினார்கள்.

1925ல் வந்த அந்த டிசி மின்சாரம் படிப்படியாக 25,000 வோல்ட் ஏசியாக மாறி, 2016 ஏப்ரலில் ஹார்பர் லைனோடு முழுதாக விடைபெற்றது. மாட்டுங்கா ஃபிளாட்டுகளும் ஒவ்வொன்றாக இடிபட்டு உயரமான டவர்கள் எழுகின்றன. புதிதாக வருகிறவர்களில் குஜராத்திகள் அதிகம். அவர்களும் கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருக்கிறார்கள். தமிழர் ஜனத்தொகை குறைந்தாலும் கடைகள் குறையவில்லை. முலுண்டில் இருந்தும் டோம்பிவிலியில் இருந்தும், வாழை இலைக்கும் கதம்பத்துக்கும் நேந்திரங்காய் சிப்ஸுக்கும், கல்யாணம் என்றால் கூறைப்புடவைக்கும் மாட்டுங்காவுக்குத்தான் வருகிறார்கள். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மெகா பிளாக். தண்டவாளத்தையும் மின்கம்பியையும் பழுது பார்க்கச் சில மணி நேரம் ஒரு பாதையை மூடுவது. சென்ட்ரல் லைனில் அதற்கு வழக்கமான எல்லை மாட்டுங்காவில் இருந்து முலுண்ட் வரை. ஸ்லோ வண்டிகளை ஃபாஸ்ட் பாதைக்கு மாற்றி விடுவார்கள், எல்லாம் பதினைந்து நிமிடமாவது தாமதம். கையில் பூக்கூடையோடு பிளாட்பாரத்தில் நிற்கிறவர்கள் அறிவிப்பை ஒருமுறை கேட்டுவிட்டு, பெஞ்சில் இடம் தேடி உட்கார்ந்துகொள்கிறார்கள்.